விளக்கடியில் மட்டும் கதிர் வராத நெல்

கேள்வி:

ஐயா, மேலூர் பக்கம் ஒருபோகத் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. ஒன்றரை ஏக்கரில் இந்த வருஷம் பழைய சம்பா நெல் நட்டேன். விதை பெரியப்பா வீட்டில் வாங்கியது. ஆடிக் கடைசியில் கிணற்றுத் தண்ணீரில் நாற்று விட்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நட்டோம். கார்த்திகை நடுவில் கதிர் வந்து, இப்போது பால் பிடித்துத் தலை சாய்கிறது. ஆனால் ரோட்டோர மூலையில் பத்து சென்ட் அளவுக்கு, அரைவட்டமாக, ஒரு கதிர்கூட இல்லை. பயிர் மற்ற இடத்தைவிட உயரமாக, தூர் கனத்து, கரும்பச்சையாக நிற்கிறது. அந்த முக்கில் இந்த வருஷம்தான் உயரமான எல்.இ.டி. விளக்கு போட்டார்கள். மருந்துக்கடையில் மணிச்சத்துக் குறை என்று சொல்லி பூ ஊக்கி கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தும் மாற்றமில்லை. பக்கத்து வயலில் கோ 51 நெல். அதுவும் அதே விளக்குக்குக் கீழேதான், ஆனால் ஒரே சீராகக் கதிர் வந்து அறுப்பும் முடிந்துவிட்டது. "விளக்கு காரணமாக இருந்தால் எனக்கும் ஆகியிருக்கணுமே, உங்க விதைதான் கலப்படம்" என்கிறார் அந்த வயல்காரர். இன்னொரு வேடிக்கை, அந்தப் பச்சைக்கு நடுவிலேயே வரப்புப் பனைக்குப் பின்னால் ஒரு பட்டை மட்டும் கதிர் விட்டிருக்கிறது. கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் மகள், பூப்பதற்கென்றே ஜீன் இருக்கிறது, அதுதான் காரணம் என்கிறாள். ஜீன் என்றால் வயல் பூராவும் ஒரே ஜீன்தானே? இந்தப் பத்து சென்ட்டை என்ன செய்வது? வீட்டுக்குப் பின்னால் மல்லியும் இருக்கிறது. விளக்கு போட்டால் மார்கழியில் பூக்குமா?

பதில்:

பெரியப்பாவிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். விதையில் குற்றம் இல்லை, மணிச்சத்திலும் இல்லை. அந்த மூலையில் நிற்கும் நெல்லுக்கு இன்னும் இரவே வரவில்லை, அவ்வளவுதான்.

வயலைப் பார்க்காமலே இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், வேடிக்கை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பனைமரம். விதை கலந்திருந்தால் வேற்றுப் பயிர் வயல் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைநீட்டும். நாற்றங்காலில் கலந்தது, நடவின்போது ரோட்டோர மூலைக்கு மட்டும் போய்ச் சேராது. சத்துக்குறை என்றால் அது மடை, மேடு பள்ளம், களர் இவற்றின் போக்கில் போகும், அரைவட்டம் போடாது. மணிச்சத்து குறைந்தாலும் நெல் இலை கரும்பச்சையாகும் என்பது உண்மைதான், கடைக்காரர் அதை நினைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் அப்படிப்பட்ட பயிர் குட்டையாக, தூர் கட்டாமல், விறைத்து நிற்கும். உங்களுடையது உயரமாகவும் தூர் கனத்தும் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தின்னக் குறைவில்லை. பூக்கச் சொல்லித் தகவல்தான் வரவில்லை. பனைக்குப் பின்னால் விளக்கு வெளிச்சம் விழாத பட்டையில் அந்தத் தகவல் வந்திருக்கிறது. அதே விதை, அதே மண், அதே தண்ணீர், நீங்கள் அடித்த அதே ஊக்கி. மாறியது இருட்டு ஒன்றுதான். ஆராய்ச்சி நிலையத்தில் நாங்கள் கறுப்புத் துணி கட்டிச் செய்யும் சோதனையை உங்கள் பனைமரம் சும்மாவே செய்து கொடுத்திருக்கிறது.

சந்தேகம் தீர இரண்டு காரியம் செய்து பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வரப்பில் இறங்கி நில்லுங்கள். உங்கள் நிழல் பயிர்மேல் தெளிவாக விழும் இடம் எதுவரை என்று பார்த்துக் குச்சி நட்டுக்கொண்டே போங்கள். காலையில் அந்தக் குச்சிகளும் பச்சையின் எல்லையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். அடுத்து, பச்சைப் பகுதியில் ஒரு தூரைப் பிடுங்கி, நடுத்தண்டைச் சவர பிளேடால் அடியிலிருந்து நெடுக இரண்டாகப் பிளந்து பாருங்கள். மேல் கணுவுக்குச் சற்று மேலே, குருத்து தொடங்கும் இடத்தில், கடுகில் பாதி அளவுக்கு வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று இருந்தால் கதிர் கருக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். இதைத்தான் பஞ்சு கட்டும் பருவம் என்கிறோம். அங்கே வழவழவென்று வெறும் இலைக்குருத்து மட்டும் இருந்தால், அந்தப் பயிர் இன்னும் இலைதான் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது ஜீன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் சொன்னது சரி. நீங்கள் திருப்பிக் கேட்டது அதைவிடச் சரி. வயல் பூராவும் ஒரே மரபணுக்கள்தான். விளக்கடியில் நிற்கும் பயிரிலும் பனை நிழலில் நிற்கும் பயிரிலும் பூக்க வேண்டிய மரபணு அத்தனையும் ஒன்றும் குறையாமல் இருக்கின்றன. ஆனால் ஒரு மரபணு இருந்தால் மட்டும் போதாது. செடி அதைப் படித்து, அதில் உள்ளபடி புரதம் செய்தால்தான் காரியம் நடக்கும். எதை எப்போது படிப்பது என்று முடிவு செய்வதற்கும் தனி மரபணுக்கள் உண்டு. உங்கள் வயலில் நடந்த தகராறு அங்கேதான்.

நெல்லில் பூக்கச் சொல்லும் தகவலின் பெயர் எச்.டி.3ஏ. இது ஒரு சிறிய புரதம், இதைச் செய்யும் மரபணுவுக்கும் இதே பெயர்தான். இலையில் உருவாகி, இலை நரம்பு வழியாக இறங்கி, தண்டின் நுனிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வேறு இரண்டு புரதங்களோடு சேர்ந்துகொண்டு, "இலை போட்டது போதும், கதிர் போடு" என்று அடுத்த வரிசை மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. நுனியில் நீங்கள் பார்க்கப்போகும் அந்த வெள்ளைப் பஞ்சு இதன் விளைவு. எச்.டி.3ஏவுக்கு ஆர்.எஃப்.டி.1 என்று ஒரு தம்பி மரபணுவும் உண்டு. இரண்டையும் சேர்த்து அடக்கிவைத்த நெல், 300 நாள் ஆகியும் பூக்கவில்லை என்று ஜப்பானில் 2008இல் காட்டினார்கள். அந்த நெல்லுக்கு எத்தனை ஊக்கி அடித்திருந்தாலும் பூத்திருக்காது.

எச்.டி.3ஏவைப் படிக்கலாமா வேண்டாமா என்று இலைக்குள் பல பேர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். இ.எச்.டி.1 என்பது முடுக்கிவிடும். ஜி.எச்.டி.7 பகல் நீண்டிருக்கும் காலத்தில் தடுக்கும். இந்த ஜி.எச்.டி.7 வலுவாக உள்ள நெல் தாமதமாகப் பூக்கும், உயரமாக வளரும், கதிரில் மணியும் கூடுதலாக இருக்கும். பழைய சம்பா ரகங்களின் சாயல் இதில் தெரிகிறதல்லவா? மூன்றாவது ஆள் எச்.டி.1. இது இரட்டை நாக்குக்காரன். இரவு நீளமாக இருந்தால் எச்.டி.3ஏவைத் தூண்டும், இரவு குறுகினால் அதே எச்.டி.1 எதிர்க்கட்சிக்குப் போய் அடக்கிவிடும். 2000இல் இதைப் பிரித்தெடுத்துக் காட்டியபோது எங்கள் துறையில் பலருக்கு இந்தக் குணம்தான் பெரிய ஆச்சரியம்.

இரவு நீளமா குறுகலா என்பதை இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் சொல்கிறது. சிவப்பு ஒளி பட்டதும் இது நிலை மாறி, பகல் என்று அறிவித்துவிடும். வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்திலும் சிவப்பு கலந்திருக்கிறது. நடு இரவில் வெறும் பத்து நிமிடம் வெளிச்சம் காட்டினாலே நெல் இலையில் எச்.டி.3ஏ அடங்கிப்போவதை 2005இல் ஜப்பானியர் அளந்தார்கள். ஃபைட்டோகுரோம் பி என்ற ஒன்று இல்லாத நெல்லில் அப்படி அடங்கவில்லை. பத்து நிமிடத்துக்கே அந்தக் கதி என்றால், உங்கள் முக்கு விளக்கு விடிய விடிய எரிகிறது. பௌர்ணமிக்கு மட்டும் ஏன் நெல் ஏமாறுவதில்லை என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். முழு நிலவின் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான். ஒரு நல்ல தெருவிளக்குக்கு நேர் கீழே அதைப்போல் பல பத்து மடங்கு இருக்கும்.

இலை அளக்க, நுனி பூக்கிறது என்ற இந்தச் செய்தி கைக்கு வர ரொம்ப காலம் ஆனது. 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்கர்கள், கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தை இருட்டு அறைக்குள் தள்ளிப் பகலைக் குறைத்தார்கள், பூத்துவிட்டது. 1938இல் மருளூமத்தைச் செடியில் செய்த சோதனையில் செடி பகலை அல்ல, இடையில் முறியாத இருட்டைத்தான் அளக்கிறது என்பது தெரிந்தது. அதற்குச் சற்று முன்பே சோவியத் நாட்டில் சைலக்யான் என்பவர் ஒட்டுக்கட்டிப் பார்த்து, இலையிலிருந்து ஏதோ ஒன்று நுனிக்குப் போகிறது என்று சொல்லி அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்துவிட்டார். பெயர் இருந்தது, பொருள் அகப்படவில்லை. எழுபது வருஷம் தேடினார்கள். கடைசியில் 2007இல், நெல்லில் எச்.டி.3ஏ புரதமும், கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியான அராபிடாப்சிஸில் அதன் உறவான எஃப்.டி. புரதமும் இலையிலிருந்து நுனிக்குப் பயணம் போவதை ஒரே சமயத்தில் காட்டினார்கள். மகளின் பாடப்புத்தகத்தில் இதெல்லாம் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். நேரில் பார்க்க அவளை ஒரு நாள் சாயங்காலம் உங்கள் பனைமரத்தடிக்குக் கூட்டிப் போங்கள்.

நம் ஊரில் பகலும் இரவும் பெரிதாக மாறுவதில்லையே, அதைப் போய் நெல் எப்படிக் கணக்கெடுக்கிறது என்று நினைக்கலாம். மதுரையில் ஜூன் கடைசியில் பகல் 12 மணி 40 நிமிடத்தைச் சற்றுத் தாண்டும், டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய 11 மணி 30 நிமிடம். மொத்த வித்தியாசமே ஒரு மணி பத்து நிமிடம்தான். நெல்லுக்கு இதுவே தாராளம். மலேசியாவின் மலாக்காவில் சயாம் 29 என்ற நெல் ரகத்தை ஜனவரியில் விதைத்தால் அறுவடைக்கு 329 நாள், செப்டம்பரில் விதைத்தால் 161 நாள். அந்த ஊரில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் வெறும் 14 நிமிடம்! பழைய சம்பா நெல்லை ஆடியில் விட்டாலும் ஆவணியில் விட்டாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் கதிர் வரும் என்று உங்கள் பெரியப்பா சொல்லியிருப்பார். அது நாளை எண்ணுவதில்லை, ஐப்பசி இரவுகளுக்காகக் காத்திருக்கிறது. அதே நெல்லைத் தையில் விதைத்தால் கதைக்கு முடிவே இல்லை, வைக்கோல்தான் மிஞ்சும். பட்டம் பார்த்து விதைக்கச் சொன்னவர்களுக்கு எச்.டி.1 தெரியாது, ஆனால் அதன் குணம் அத்துப்படி.

சரி, கோ 51 மட்டும் எப்படித் தப்பியது? உங்கள் பக்கத்து வயல்காரர் கேட்டது நல்ல கேள்வி, முடிவுதான் தவறு. 1966இல் வந்த ஐ.ஆர். 8 காலத்திலிருந்தே, எந்த மாதத்தில் விதைத்தாலும் சொன்ன நாளில் பூக்கும் நெல்லைத்தான் எங்களைப் போன்றவர்கள் தேடித் தேடிப் பொறுக்கினோம். வருஷத்துக்கு இரண்டு மூன்று போகம் எடுக்க அதுதான் வழி. அப்படிப் பொறுக்கிய ரகங்களில் பலவற்றில், நான் மேலே சொன்ன தொடரில் ஒன்றிரண்டு மரபணு வேலை செய்யாத வடிவத்திலோ, வலுக்குறைந்தோ இருக்கும். இருட்டைக் கேட்காமலே அவற்றில் பூக்கும் தகவல் கிளம்பிவிடும். கோ 51க்கு 105லிருந்து 110 நாள் என்றால், விளக்கடியிலும் அதே கணக்குதான். ஆக, ஒரே விளக்குக்குக் கீழே இரண்டு வயலும் வேறு வேறாக நடந்துகொண்டதே விளக்குதான் காரணம் என்பதற்கு இன்னொரு சாட்சி.

இனி அந்தப் பத்து சென்ட். நாளைக்கே விளக்கை அணைத்தாலும் உடனே கதிர் வராது. ரகத்தைப் பொறுத்துச் சில இரவுகளிலிருந்து மூன்று வாரம்வரை நீண்ட இருட்டு கிடைத்தால்தான் பஞ்சு கட்டும். அங்கிருந்து பூக்க 35 நாள், முற்ற இன்னொரு 30 நாள். பங்குனிக்குப் போய்விடும். ஒருபோக வாய்க்காலில் அதுவரை உங்களுக்குத் தண்ணீர் நிற்காது. கிணறு இறைத்துக் காப்பாற்றினாலும், சுற்றிலும் அறுத்துவிட்ட பிறகு பச்சையாக ஒரு மூலை மட்டும் பால் பிடித்து நின்றால் ஊரில் உள்ள குருவி, எலி, கதிர் நாவாய்ப்பூச்சி எல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். பத்து சென்ட் நெல்லுக்கு இத்தனை பாடு தேவையா? நானாக இருந்தால் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுவேன். மற்ற நெல்லை அறுக்கும் முன்பே இதைக் கையால் அறுத்து அப்புறப்படுத்துங்கள். இயந்திரம் அந்தப் பச்சையையும் சேர்த்து விழுங்கினால் நெல்லில் ஈரம் ஏறி, விற்கும் இடத்தில் விலை குறைப்பார்கள். பூச்சிமருந்து ஏதாவது அடித்திருந்தால், போத்தலில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை மாட்டுக்குக் காட்ட வேண்டாம். பூ ஊக்கியை இதோடு நிறுத்திவிடுங்கள். வாங்கி வைத்தது மீதி இருந்தால் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த வருஷத்துக்கு, விளக்கை ராத்திரி பத்து மணியோடு அணைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுத்துப் பயனில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்ட வேண்டியது பத்துக்கு இருட்டினால் நெல்லுக்கு எட்டு மணி நேர இரவுதான், அது மதுரையில் ஆனி மாதத்தில்கூடக் கிடையாத குறுகிய இரவு. தவிர, முக்கில் ஆள் நடமாட்டம் இருக்கும், விளக்கு வேண்டியதுதான். கேட்க வேண்டியது வயல் பக்கத்துக்கு ஒரு தகர மறைப்பு. வெளிச்சம் ரோட்டில் விழட்டும், வயலில் விழ வேண்டாம். வருஷம் முழுக்க வேண்டும் என்றுகூட இல்லை. புரட்டாசிக் கடைசியிலிருந்து பஞ்சு கட்டும்வரை, அதாவது ஐப்பசி முடிய, மறைத்தால் பெரும்பாலும் போதும். கருக்கதிர் உருவான பிறகு விளக்கால் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் அதே விளக்குக்குக் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சிகள் வந்து மொய்க்கும். அந்த மூலையில் இலை நுனிகளில் முட்டைக் குவியல் இருக்கிறதா என்று மற்ற இடத்தைவிட அடிக்கடி பாருங்கள்.

மறைப்புக் கிடைக்காவிட்டால் அந்த மூலைக்கு மட்டும் கோ 51 மாதிரி ஒரு ரகத்தை நடுங்கள். சம்பாவோடு ஒரே நாளில் நடாதீர்கள், ஒரு மாதத்துக்கு மேல் முந்தி முற்றி அங்கேயும் குருவிக் கூட்டம்தான். கோ 51க்கு நாற்று விடுவதைத் தள்ளிப்போட்டு, இரண்டும் ஒன்றாக முற்றும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லிக்கு விளக்குச் செலவு வேண்டாம். மல்லி மொட்டு புதுத் தளிரின் நுனியில் வைப்பது, மார்கழிக் குளிரில் தளிர் எழும்புவதே மெதுவாகத்தான். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அந்த மாதங்களில் விலை எங்கோ போவதும் அதனால்தான். கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்து, செடிக்கு 10 கிலோ தொழுவுரம் வைத்தால் பங்குனியில் நன்றாக எழும்பிவரும். இந்த வருஷம் அந்த நாள் தாண்டிவிட்டது, செடியில் காய்ந்த குச்சியை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த கார்த்திகைக்கு விடுங்கள். செவ்வந்தித் தோட்டத்தில் இரவில் பல்பு எரிவதைப் பார்த்து உங்களுக்கு இந்த யோசனை வந்திருந்தால், அது பூக்க வைக்க அல்ல. செவ்வந்தியும் உங்கள் சம்பா மாதிரி நீண்ட இரவுக்குப் பூப்பது. செடி தழைக்கும்வரை பூவைத் தள்ளிப்போடத்தான் அங்கே விளக்கு.

நீங்கள் கேட்காத ஒன்று: விதைக்கு எடுத்து வைக்கலாமா? தாராளமாக. விளக்கு அந்தப் பயிரின் மரபணுவை மாற்றிவிடவில்லை, பெரியப்பா வீட்டு விதை பெரியப்பா வீட்டு விதையாகத்தான் இருக்கிறது. கோ 51 வயலை ஒட்டிய ஓரத்தில் மூன்று மீட்டர் அகலத்துக்கு விட்டுவிட்டு, வயலின் நடுவில் ஒன்றாகக் கதிர் வந்த பகுதியில் எடுங்கள்.